சம்பந்தி இல்லாத வீட்டில் போட்ட கோடி

போன வாரம் லைனிங் துணி எடுக்க டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள் நான். வாரத்துக்கு இரண்டு தடவை லைனிங் எடுக்கப் போகாவிட்டால் பிழைப்பு ஓடாது. அப்போது ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, "கோடிச் சேலை ஒண்ணு குடும்மா, வண்டி நிக்கி" என்றார். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது, "அது எந்தக் கம்பெனி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டாள். சாவு வீட்டுக்குப் புறப்பட்டு நிற்கிற மனிதர் முன்னால் சிரிக்கக் கூடாதுதான். என்ன செய்ய, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கோடி என்றால் இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணி. இருபது வயதில் நான் வேலை பார்த்த கடையில் அதற்கென்றே தனிக் கட்டு இருக்கும். வாங்க வருகிறவர்கள் கலர் பார்க்க மாட்டார்கள், பிரித்துப் பார்க்க மாட்டார்கள். கடையிலேயே மட்டமான சரக்கு அந்தக் கட்டில்தான் கிடக்கும். அதை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து என் கையிலெல்லாம் கஞ்சி வாசம் அடிக்கும்.

கஞ்சி வாசம் வந்தால் இசக்கி வந்துவிடுவாள். சேலைப் பிரிவில் எனக்குப் பக்கத்தில் நின்றவள். நின்றவள் என்று சும்மா சொல்லவில்லை. அப்போது எங்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது. காலையில் ஒன்பதுக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். கணுக்கால் வீங்கி, வளையம் போட்ட மாதிரி செருப்பு வார் பதிந்திருக்கும். இசக்கி சேலைக் கட்டுகளை ஒரு சுவர் மாதிரி அடுக்கி, அதற்குப் பின்னால் என்னைப் பிடித்து உட்கார வைப்பாள். "நீ உக்காருட்டி. சூப்பர்வைசர் வந்தா நான் இருமுதேன்" என்பாள். ஒருநாள் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்து இருமிக்கொண்டே இருந்தாள். நான் அன்றைக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்ததில், நின்றிருந்தாலே தேவலை என்று ஆகிவிட்டது.

நான் மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுக்கு ஏரல் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டின ஒரு கிராமம். விடுமுறை நாளில் அவள் ஊருக்குக் கூட்டிப்போவாள். அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நான் வருகிற நாளில் மட்டும் மீன்தான் ஆக்குவார். "உனக்கு ஆகாதது எதுவும் சட்டியில படல தாயி, தைரியமாத் தின்னு" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். ஒரு தடவை எங்கள் கடைக்கும் வந்தார். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த சேலை ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். பிரித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வயலுக்குப் போகிறவளுக்கு இது எதுக்கு என்று சிரித்துவிட்டு, சாதா வாயில் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நானும் இசக்கியும் அந்தச் சேலையை யார் கண்ணிலும் படாமல் அடுக்கில் கீழே கீழே தள்ளி வைத்தோம். தீபாவளிக்கு எடுத்துக் கொடுப்பதாகத் திட்டம்.

நான் இசக்கியைக் காதலித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத் தயங்கின காலம் முடிந்துவிட்டது. ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், என் ஈரத்தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே அவள்தான் முதலில் சொன்னாள், "உன்னய விட்டுட்டு வேற யாரையும் நான் கட்டிக்க மாட்டேன்." அதற்கு நான் சொன்ன பதில் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "சரி, மணி என்னாச்சு? பஸ் போயிரும்" என்றேன். அவள் சடையை இறுக்கிப் பின்னிவிட்டாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

புரட்டாசியில் ஒருநாள் இசக்கி வேலைக்கு வரவில்லை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவள் அம்மா விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டாராம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு நேரே அடுக்குக்குப் போனேன். அந்த மஞ்சள் சேலையை உருவி எடுத்து பில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கோடி கொண்டுபோவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. எத்தனை கோடிச் சேலை விற்றிருப்பேன், யார் போடலாம், யார் போடக் கூடாது என்று ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. மிட்டாய்க்கடைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி பற்றி என்ன தெரியும், அந்தக் கதைதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். இசக்கி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அழவில்லை. அவளுடைய பெரியம்மா, இறந்தவரின் அக்கா, ஒவ்வொரு கோடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் பிறந்த வீட்டுக் கோடி, அண்ணன் தம்பிகள் போட்டார்கள். அப்புறம் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் வகை. நானும் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் பெரியம்மா கையை நீட்டி மறித்தார்.

"நீ யாரு வகைம்மா?"

இசக்கியோட வேலை பார்க்கிறவள் என்றேன். பெரியம்மா கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். பிறந்த வீடும் சம்பந்தி வீடும்தான் கோடி போடலாம், இந்த வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதனால் சம்பந்தி என்று யாரும் கிடையாது, சேலையை அப்படி ஓரமாக வைத்துவிடு என்றார். சுற்றி நாற்பது ஐம்பது பேர். அந்த அம்மா ஆசைப்பட்டுத் தொட்ட சேலை, ஓரமாக வைக்கிற பொருளாகிப் போனதே என்று இருந்தது. திரும்பினேன்.

"பெரியம்மா, அவ போடட்டும்."

இசக்கி எழுந்து நின்றிருந்தாள். எந்த வகையில் என்று பெரியம்மா கேட்டார்.

"என் வகையில. நீங்க எனக்கு ஆள் தேடுதிய. இனித் தேட வேண்டாம். இவதான்."

பக்கத்தில் ஒருத்தர், பாவம், துக்கத்தில் என்னமோ பேசுகிறாள் என்றார். இசக்கி அவரைத் திரும்பிப் பார்த்து, "துக்கத்துல பேசல சித்தி. எங்கம்மா போறதுக்குள்ள சொல்லணும்னு பேசுதேன்" என்றாள். குரல் உடையவில்லை. அவள் அப்பா வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், நிமிரவே இல்லை. பெரியம்மா என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஆள் மட்டும் நின்று சேலையை விரித்துப் போர்த்த முடியாது, அது சேலை விற்றவளுக்குத் தெரியும்.

"சரி, அந்த முந்தியப் பிடி. பைய விரி" என்றார், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, ஒரு சாவு வீட்டில் இருக்கக் கூடாத அளவு பெருமை. அந்த மஞ்சள் அந்த முகத்துக்கு அப்படிப் பொருந்தியது. அதைப் பார்த்தபிறகுதான் இசக்கி என் தோளில் விழுந்து அழுதாள். அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. அவள் அப்பா மூன்று வருஷம் பேசவில்லை. என் உம்மா ஏழு வருஷம். இப்போது ரமலானுக்கு உம்மாவிடமிருந்து நோன்புக் கஞ்சி இரண்டு தூக்குவாளியில் வருகிறது, ஒன்றின் மூடியில் இசக்கி பெயரைச் சாக்பீஸால் எழுதி அனுப்புகிறார். கடையில் நான் வெட்டுகிறேன், அவள் தைக்கிறாள். நூல் கலர் பொருத்தமில்லை என்று தினமும் சண்டை.

பெரியம்மா போன தை மாசம் காலமானார். ஒரு கோடிச் சேலை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு யாரென்று கேட்டபோது கூட வேலை பார்க்கிறவள் என்று மட்டும் சொன்னவள் நான், எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். இந்தத் தடவை என்னைக் கேட்பார்கள், நான் சொல்வேன் என்று இருந்தேன்.

அங்கே கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது. உள்ளே குளிரில் பெரியம்மா. வருகிறவர்கள் மாலையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, சேலையைப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார்கள். வரிசை இல்லை, கூப்பிட ஆள் இல்லை. நீ யாரு வகை என்று கேட்கிற ஊர் இப்போது இல்லை. கேட்டு மறிக்கிறவர்களும் போய்விட்டார்கள், கேட்டுவிட்டு மறுமுனையைப் பிடிக்கிறவர்களும் போய்விட்டார்கள்.

யாரும் கேட்காததால் நானே சொன்னேன். "பெரியம்மா, இசக்கி வீட்டுக் கோடி. நான் போடுதேன்." பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தத்தில் அது எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. இசக்கி காதில் விழுந்தது. அவள் வந்து முந்தியைப் பிடித்தாள்.