புள்ள எந்த ஏர்போர்ட்டு?

வலங்கைமானில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ரெத்தினம், இழவு வீட்டுக்குள் நுழைந்தால் செத்தது யார் என்று கேட்க மாட்டார். துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கடைத்த குரலில், “புள்ள எந்த ஏர்போர்ட்டு?” என்பார். தோஹாவா, டொரன்டோவா என்று தெரிந்ததும் செல்போனில் தூரத்தையும் நேரத்தையும் தட்டிப் பார்ப்பார். “கவலப்படாதீங்க, பெட்டி தாங்கும். புள்ள மொகத்தப் பாக்காம எடுக்கக் கூடாது.”

அந்தக் குரலில் பேசிக் காட்டாத இளவட்டம் டீக்கடையில் கிடையாது.

“மாமா, பொண்ணு பாக்கப் போனப்பவும் இதத்தான் கேட்டீங்களா?”

“ஒனக்கு அந்தக் கேள்வியே வராதுடா. இந்த பெஞ்ச விட்டு நீ எங்க போவப் போற?”

அவர் மனைவி ரெங்கம்மாளுக்குக் குளிர் ஆகாது. ஏசி பஸ்ஸில் ஏறினால் முந்தானையால் காதைக் கட்டிக்கொள்வாள். பெட்டியைக் கழுவும்போதுகூட எட்டத்தான் நிற்பாள்.

“நான் போனா என்னய இதுக்குள்ள போட்றாதீங்க.”

“சரி போ, வெயில்லயே வக்கிறேன்.”

சித்திரை மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கார் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மகன் பகலவன் ஆக்லாந்தில் நர்ஸ். போனில் உடைந்து அழுதான். “டிக்கெட் போட்டுட்டேன். அம்மாவ வச்சிருங்கப்பா.”

ரெத்தினம் செல்போனைத் தட்டவில்லை. சிங்கப்பூர் வரை எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர், பத்தரை மணி நேரம். அங்கிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம். மகன் போன நாளிலிருந்து அது அவருக்கு மனப்பாடம்.

மகள் எழில்மொழி பக்கத்தில் வந்து நின்றாள். “பெட்டிய எறக்கச் சொல்லவாப்பா?”

“அவ வேணாம்னாளேம்மா.”

“அண்ணன் பாக்க வேணாமா? ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்லுவீங்க?”

பகலவன் போன வருஷம் அனுப்பிய கம்பளி ஸ்வெட்டர் பீரோவில் உறை பிரிக்காமல் கிடந்தது. ரெத்தினம் அதை மனைவிக்குப் போட்டுவிடச் சொன்னார். அப்புறம் அவரே ஒரு பக்கம் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் பகலவன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். ஆக்லாந்தில் விமானம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. திருச்சி விமானம் போய்விட்டது. இனி நாளைக்குத்தான் இடம்.

“நாலு மணி நேரம்தான்ப்பா பாக்கி. இன்னும் ஒரு நாள் மட்டும் வச்சிருங்க.”

பங்காளி சாரங்கபாணி மெதுவாகக் கேட்டார். “பெட்டி தாங்கும்ல?”

ரெத்தினம் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். ரெங்கம்மாளின் புருவத்தில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

“பெட்டி தாங்கும். அவ தாங்க மாட்டா.”

குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

எழில்மொழிதான் கொள்ளிச் சட்டி எடுத்தாள். பகலவன் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தான். சுடுகாட்டுக்குத் திரும்பும் இடத்தில் சிக்னல் போய்விட்டது.

அடுத்த நாள் அவன் வந்து இறங்கியபோது, வாசலில் கழுவிய பெட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் அதன் கண்ணாடியைத் தொட்டான். சுட்டது.

“ஊரான் புள்ளைக்கெல்லாம் வச்சிருந்தீங்களேப்பா.”

“ஆமாடா,” என்றார் ரெத்தினம்.

பதினாறாம் நாள் முடிந்து கார் ஏறும்போது, திருச்சி வரைக்கும் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போதும் பெட்டி போகிறது. இழவு வீட்டில் அவர்களாகவே, “பையன் துபாய்ண்ணே” என்கிறார்கள். ரெத்தினம் தலையை ஆட்டிவிட்டுப் பிளக்கைச் சொருகுகிறார். டீக்கடையில் அந்தக் குரலில் இப்போது யாரும் பேசிக் காட்டுவதில்லை.