வருடத்தில் ஒருமுறை திறக்கும் கதவு

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் கதவு வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். வைகாசியில்தான் திறக்கும். அதுவரை அம்மன் உள்ளே இருட்டோடு இருப்பாள். வாவிக் காற்று வந்து கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். மனைவி நோயில் கிடந்தபோது அந்தப் பூட்டிய கதவின் முன்னால்தான் நேர்ந்துகொண்டேன்: இவள் எழும்பினால், வரும் வைகாசியில் கதவு திறக்கும்போது இரண்டு பேரும் அருகருகே நிற்போம்.

எழும்பினாள். வைகாசியும் வந்தது. நான் ஸ்பெயினில் நின்றேன்.

தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போயிருந்தேன். ஓரிடத்தில் தரிக்காத கால் என்னுடையது. கதவு திறக்குமுன் வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். பேறு கடினமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை என் கையை விடவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

அவர்கள் இருந்தது சின்னக் கிராமம். கோதுமைக்கு நடுவே மண்நிற வீடுகள், அந்த வீடுகளுக்குப் பொருந்தாத பெரிய கல் தேவாலயம், அதன் மணிக்கூண்டில் நாரைக் கூடு. வட்டை வட்டையாக நெல்வயல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கோதுமை அந்நியமாகத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே மேட்டில் மாதாவுக்கு இன்னொரு சிற்றாலயம், எத்தனையோ தலைமுறைக்கு முந்தியது. போன அன்றே ஏறிப் பார்த்தேன். பூட்டு. வருடத்தில் ஒருநாள்தான் திறப்பார்களாம், இதென்ன வழக்கம் என்று கொழும்பில் வளர்ந்த மச்சான் அலுத்துக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த ஒருநாள், நான் எங்கள் ஊரில் நிற்கவேண்டிய அதே வாரத்தில் வந்தது. சனமெல்லாம் மேடு ஏறியது. அந்த வருடம் சாவி இறைச்சிக் கடைக்காரியின் வீட்டில். அவள் திறந்ததும் எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன். எங்கள் ஊரில் கதவு திறந்தால் பூசை செய்யும் கப்புகனார்தான் உள்ளே போவார். மற்றவர்கள் வெளியே நின்று பார்ப்போம். வேறு மதம் என்று கூச்சப்படுகிறேன் என நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் திரும்பி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

வௌவால் எச்சம், பழைய மெழுகு, ஒரு வருடம் வெளியே போகாத காற்று. மெழுகை எடுத்துவிட்டு எண்ணெயை வைத்தால் அது எங்கள் அம்மனின் மூச்சு. நன்றியில் கண் நிறைந்தது. பக்கத்தில்தான் ஆள் இல்லை.

சில நாளில் எங்கள் ஊரிலும் கதவு திறந்தது. கோயில் வீதியில் நின்றபடியே மனைவி போன் எடுத்தாள். மாதா கோயிலில் நான் செருப்பைக் கழற்றிய கதையைச் சொன்னேன்.

“இஞ்ச ஒருநாளாவது நான் சொல்லாமக் கழட்டியிருக்கீங்களா?”

சிரித்தோம். பிறகு, மனதில் கிடந்ததைக் கேட்டேன். நேர்த்தி தவறிப் போயிற்றா என்று.

பறைச்சத்தத்துக்கு மேலால் சொன்னாள்.

“எனக்குப் பக்கத்தில இடம் விட்டுத்தான் நிண்டன். ஒரு பொம்பிள வந்து நெருக்கினா. இதுக்க ஆள் நிக்கிது, தள்ளி நில்லுகா எண்டு சொன்னன்.”

“அவ என்ன சொன்னா?”

“அந்த இடத்தப் பாத்தா. என்னப் பாத்தா. மறுகா தள்ளி நிண்டா.”