வீட்டம்மா கேட்ட மருந்து

பட்டிமன்றத்தில் பேசுகிறவனுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. எந்த அணி என்று நடுவர் சொல்கிறாரோ அதுதான் அன்றைய கொள்கை. ஒரு வாரம் தி.நகரில் கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று முழங்கிவிட்டு, அடுத்த வாரம் அடையாற்றில் தனிக்குடித்தனமே நிம்மதி என்று பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். கல்லூரியில் வணிகவியல் நடத்தியது பிழைப்புக்கு, மேடை என் ஆசைக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதில் பெருமையும் உண்டு.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டம் கொட்டாவி விட்டால் வீட்டம்மாவை இழுப்போம். "எங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். சொல்வதில் முக்கால்வாசி கட்டுக்கதை. என் மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மயிலாப்பூர் வீட்டுச் சமையலறையில் நான் ஒத்திகை பார்க்கும்போது அவள்தான் நடுவர். மேடை மணிக்குப் பதிலாக ஏழாவது நிமிடம் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டு, நேரம் முடியும் எட்டாவது நிமிடம் இரண்டு தட்டு.

அவளுக்குப் புற்றுநோய் வந்த வருடம்தான் அந்தத் தலைப்பும் வந்தது. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்து முறைப்படுத்தலாமா, தடையே தொடர வேண்டுமா? எனக்குத் தடை அணி. அப்போது அவளுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. போட்டுக்கொண்டு வந்தால் நாலைந்து நாளைக்கு ரசத்தின் வாசனையே குமட்டும். இட்லியில் ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

மேசையில் கிடந்த என் குறிப்புகளை அவள் படித்திருக்கிறாள். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, கீமோ வாந்திக்கு இதுலேர்ந்து எடுத்த மருந்தைச் சில நாட்டுல குடுக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்களே. பசி எடுக்குமாமே. நம்ம டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"அது எதிரணி சொல்லப்போறதை வெட்டறதுக்காக எழுதி வெச்சது. சரி, நிகழ்ச்சி முடியட்டும், கேக்கறேன்" என்றேன்.

மேடையில் ஐந்தாவது நிமிடம் கூட்டம் தளர்ந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "எங்க வீட்டம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? ஏங்க, எனக்குக் கொஞ்சம் கஞ்சா கெடைக்குமான்னாங்க! எதுக்கும்மான்னேன். பசிக்கவே மாட்டேங்குதுங்கன்னாங்க. தாயே, நீ சமைச்சதை நீயே சாப்பிட்டா எப்படிப் பசிக்கும்னேன்!" அரங்கம் அதிர்ந்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை.

டிவியில் ஒளிபரப்பான அன்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த இடம் வந்தபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும், "ஒரு நிமிஷம் அதிகமா எடுத்துக்கிட்டீங்க" என்றாள்.

அடுத்த கீமோவுக்கு ஆட்டோவில் போனோம். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "சார், டிவில வூட்டம்மா கஞ்சா கேட்ட ஜோக்கு சொன்னது நீங்கதானே? செம சார். இவங்கதானா அது?" என்றார். முடி கொட்டிய தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சிரித்தாள். எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மருந்தைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் டாக்டரிடம் கேட்கவில்லை. அவரும் அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தவர். என்ன முகத்தோடு கேட்பது? அந்த மருந்து இங்கே கிடைத்திருக்குமா, அவளுக்கு ஒத்துக்கொண்டிருக்குமா, எனக்குத் தெரியாது. கிடையாது என்று அவர் சொல்லியிருந்தால்கூட, கேட்டேன் என்றாவது மிஞ்சியிருக்கும். கடைசி மாதங்களில் அவள் பசி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான்.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. இந்த வருடம் ஆழ்வார்பேட்டையில் மறுபடி அதே தலைப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக நானே அணி கேட்டேன். மருந்துக்காவது அனுமதிக்க வேண்டும் என்ற பக்கம். நடுவர் சரி என்றார். ஒன்பது பக்கம் எழுதினேன். கட்டுக்கதை ஒரு வரிகூட இல்லை.

"என் மனைவி ஒருநாள் என்னிடம் ஒரு மருந்து கேட்டாள்" என்று ஆரம்பித்தேன்.

சிரித்தார்கள். ஆரம்பித்தாலே சிரிக்க அவர்களைப் பழக்கியவன் நான்தான்.

"இல்லைங்க, இது நகைச்சுவை இல்லை" என்றேன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

"அவங்க இப்ப இல்லை."

முன்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "ஏன் சார், அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

மண்டபமே கைதட்டியது. விஷயம் தெரிந்த நடுவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இன்னும் ஏழு நிமிடம் பாக்கி இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அந்த ஒன்பது பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். எட்டு நிமிடம் தாண்டியிருக்கும். யாரும் தட்டவில்லை.