முறுக்காத சேஸிஸ்

உத்திரமேரூரில் இரும்பு கேட், ஜன்னல் கிரில் செய்ய ஆள் தேடினால் தாண்டவராயனைத்தான் கை காட்டுவார்கள். கூடவே, "வேலை சுத்தம், ஆனா சொன்ன தேதிக்கு வராது" என்றும் சொல்லி அனுப்புவார்கள். அவர் வெல்டிங் வைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒட்டிய இடமே தெரியாது. கோழிக்கூண்டுக்குக்கூட மூலைமட்டம் வைத்துப் பார்க்கிற மனுஷனை என்ன செய்வது.

அப்படிப்பட்டவருக்குக் கார் ஆசை வந்தது. ஒரகடத்துக் கார் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தபோது பிடித்த பைத்தியம். தரையை ஒட்டி ஓடுகிற, ரெண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார். எங்கேயோ மோதி நொறுங்கிய காரின் இஞ்சினை மெக்கானிக் வரதன் கொண்டுவந்து போட்டான். காருக்கு எலும்புக்கூடான சேஸிஸைத் தன் கையாலேயே, இரும்புக் குழாயை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கட்ட ஆரம்பித்தார். பட்டறையில் செய்த காருக்கு நம்பர் கிடைக்காது, ரோட்டில் ஏற்ற முடியாது என்று அவருக்கும் தெரியும். கோடையில் ஏரி காய்ந்தால் உள்ளே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பக்கத்து சீட் மனைவி சசிரேகாவுக்கு. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து இடுப்பு, தோள், முழங்கால் என்று டேப் வைத்து அளந்தார்.

"இன்னாய்யா, டெய்லரு கூட இத்தினி அளவு எடுத்ததில்லியே."

"உன் அளவுக்குத்தான் செய்றேன். வேற யாரும் உக்காரக்கூடாது."

பக்கத்தூர் பெருநகரில் நடந்த தைப்பூசத்தில் அவள் தனக்கென்று ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி வந்தாள். "கார்ல போவச்சொல்ல போட்டுக்க" என்று சொல்லி அரிசி டின் மேல் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பும் பட்டறையுமாகக் கிடந்தவள். வேகமெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தால் போதும்.

சித்திரையில் ஏரி காய்ந்தது. இஞ்சின் ஏறியது, சீட்டும் வந்தது. மறுநாள் ஓட்ட வேண்டும் என்றிருந்தபோது தாண்டவராயன் முன்பக்கம் ஒரு மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தார். எதிர் மூலையும் கூடவே எழ வேண்டும். கொஞ்சம் பிந்தி எழுந்தது. சேஸிஸ் முறுக்குகிறது; வேகத்தில் திருப்பினால் கார் சொன்னபடி கேட்காது.

"எவ்ளோ முறுக்குது?" என்றாள் சசிரேகா.

"அரை நூலு."

"ஒரு நெல்லு கனங்கூட இல்ல, அதுக்கு இன்னாய்யா ஆயிடப்போவுது? ஒரு சுத்து இட்டுக்கினு போயிட்டு வந்து அப்பால அறுத்துக்க."

"தப்பா கீறதுல உன்ன வெச்சிக்கினு எப்டி போறது ரேகா? அடுத்த கோடைக்கு ஏரி எங்க பூடப்போவுது."

அன்றைக்கே அறுத்துப் போட்டார். ஏரி எங்கேயும் போகவில்லைதான். ஐப்பசியில் மழை கொட்டி அது நிரம்பியது. கலங்கல் வழிவதைப் பார்க்க ஊரே போயிருந்த வாரத்தில் சசிரேகாவுக்குக் கண் மஞ்சளானது. கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். உடம்பு கரைந்துகொண்டே வந்தது. நடுவில் வீட்டுக்கு வந்தவள் ஒருநாள் பட்டறைக்குப் போய், கழற்றி வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். ரெண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்கு இடம் கிடந்தது.

"மாத்திடறேன் ரேகா."

"வாணாம். ஒடம்பு தேறி வந்து உக்காந்துக்கறேன்."

தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவர் கேட் வேலையும் எடுக்கவில்லை, கிரில் வேலையும் எடுக்கவில்லை. சோறு தண்ணி நினைப்பில்லாமல் சேஸிஸையே கட்டினார். இந்தத் தடவை ஒரு மூலையைத் தூக்கினால் மறு மூலை அதே நொடியில் எழுந்தது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். உண்மையைச் சொன்னால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏரி காய்ந்ததும் காரை உள்ளே இறக்கினார்கள். பக்கத்து சீட்டில் கூலிங்கிளாஸை வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு அவர் ஓட்டினார். தரை முழுக்க வெடிப்பும் மாட்டுக் குளம்புப் பள்ளமும். எல்லாவற்றையும் அளந்தவர் அந்தத் தரையை மட்டும் அளக்காமல் விட்டிருந்தார். மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போகவே முடியவில்லை. ஒரு சுற்று வந்து நிறுத்தினார். இறங்கவில்லை.

வரதன் கிட்டே வந்தான். "எப்டி கீது அண்ணே? முறுக்குதா?"

"இல்ல." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தார். "மொதல்ல செஞ்சனே, அது முறுக்கினா கூட இந்த வேகத்துல தெரிஞ்சிருக்காதுடா வரதா. அவ கேட்டப்பவே இட்டாந்திருக்கலாம்."