சிம்லாப் பனியும் சாம்பிராணிப் புகையும்

மார்கழிக் குளிரில் இரண்டு குழந்தைகளை இழுத்துக்கொண்டு சிம்லாவுக்குக் கிளம்பிய என்னை, பெங்களூர் அல்சூரில் பைத்தியம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவான என் கணவர், மாற்றலாகி அங்கே போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கோடையில் வந்தால் போதும் என்றார் அவர். அதற்குள் மூன்று வயது பாபு அப்பா முகத்தையே மறந்துவிடுவான் என்றேன் நான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: குழந்தைகளில் ஒன்று காய்ச்சலில் படுத்தாலும் மூன்று பேரும் அடுத்த ரயிலிலேயே பெங்களூர் திரும்பிவிட வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு என் நாத்தனார் வழியனுப்ப வந்தார்.

"ஏன் கமலா, கொழந்தைங்கள இங்கியே வுட்டுட்டுப் போயேன். நான் பாத்துக்க மாட்டனா?"

"நம்மூர் குளிர்ல பொறந்ததுங்க அண்ணி. ஒண்ணும் ஆவாது."

குளிரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. மதராஸ் சொந்தக்காரர்கள் வந்து கம்பளிக்குள் நடுங்கும்போது நாங்கள் சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றி வைப்போம். பெங்களூர் மூவாயிரம் அடி உயரம், சிம்லா ஏழாயிரம். இன்னும் இரண்டு ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு.

மதராஸில் வண்டி மாறி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து டில்லி. பெண்கள் பெட்டியில் பாபுவை மடியில் வைத்துக்கொள்ள ஆள் பஞ்சமில்லை. நாக்பூரில் ஏறிய ஒரு அம்மாள் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபடி, "இந்தக் குளிரிலா சிம்லா?" என்று கேட்டாள். அவளுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். விந்திய மலை தாண்டிய பிறகு குளிர் ஜன்னல் வழியாக என்னை விசாரிக்க ஆரம்பித்தது. அப்போதும் நான் அசையவில்லை.

டில்லியில் மறுபடி வண்டி மாறிக் கால்கா வந்து சேர்ந்தோம். அவர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். பாபு என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு எட்டிப் பார்த்தான். நான் பயந்தது சரிதான். பிள்ளைக்கு அப்பா முகம் பாதி மறந்துதான் போயிருந்தது.

அங்கிருந்து சிம்லாவுக்கு அறுபது மைல். பொம்மை போன்ற சின்ன ரயில், நூற்று மூன்று சுரங்கங்கள். ஆறு வயது சுமதி எண்ணத் தொடங்கி இருபதில் தூங்கிப்போனாள். பாபு முதலில் இருட்டு வந்தால் அலறினான். பாதி மலை ஏறியபின் வெளிச்சம் வந்தால் அலறினான். கடைசிச் சுரங்கத்தில் அவன் அப்பாவின் விரலைப் பிடித்திருந்தான்.

சிம்லா ஸ்டேஷனில் கூலியாள் ஒருவர் எங்கள் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டார். அல்சூர் மார்க்கெட்டில் கற்ற உருதுவில், எங்கள் ஊரிலும் குளிர்தான் என்று அவரிடம் பெருமையடித்தேன். அவர் பாபுவின் ஸ்வெட்டரை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு மேடு ஏறினார். சுமதிக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஊரில் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை.

"பனி கொட்டும்னு சொன்னியே, எங்கம்மா?"

"கொட்டும்டி."

"நான் தூங்கினா எழுப்பணும். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.

வீடு மலைச்சரிவில், மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனம். மாடியில் ஒரு பஞ்சாபி அம்மாள், கீழே நாங்கள். மர ஜன்னல்களின் இடுக்கு வழியே காற்று ஊதிக்கொண்டே இருந்தது. மனுஷன் ஆறு மாதம் இதை எப்படிச் சகித்தாரோ! மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தேன். பழைய பேப்பரைக் கிழித்து, ஓர் இடுக்கு விடாமல் ஒட்டினேன். கதவுக்கடியில் கோணிச்சாக்கைத் திணித்தேன். அங்கீட்டி என்று அவர்கள் சொல்லும் கரியடுப்பை நடுவில் வைத்ததும் அறை கதகதவென்று ஆகிவிட்டது. "வந்த ரெண்டு நாள்ல வீட்டையே மாத்திட்டியே!" என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. பெண்ணுக்கு வெள்ளி, பிள்ளைக்குச் சனி என்ற முறையை எல்லாம் மலைமேல் யார் பார்ப்பது? அவர் ஆபீஸ் போனதும் இருவருக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் தலைக்கு ஊற்றினேன். ஈரத்தலையில் குளிர் ஏறக் கூடாதே என்று, கதவைச் சாத்திவிட்டு, அங்கீட்டி நிறையக் கரி போட்டு, தணலில் சாம்பிராணி தூவித் தலை காயவைத்தேன். அறை கோயில் மாதிரி மணத்தது. இரண்டும் சொக்கி விழுந்து தூங்கின. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தூங்காத குழந்தை உண்டா? எனக்கும் தலை பாரமாக இருந்தது. குழந்தைகளைக் குளிப்பாட்டிய களைப்பு என்று நானும் சுவரில் சாய்ந்தேன்.

வெளியே பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். "பரஃப்! பரஃப்!"

பனி! சத்தியம் ஞாபகம் வந்தது. எழுந்தால் கால் துவண்டது. சுவரைப் பிடித்துப் போய், ஒட்டிய பேப்பர் கிழிய ஜன்னலை இழுத்துத் திறந்தேன். வானமே உதிர்ந்துகொண்டிருந்தது. "சுமதி, வந்துடுச்சுடி!" என்று உலுக்கினேன். அவள் எழவில்லை. கன்னத்தில் தட்டினேன். தலை ஒரு பக்கம் தொங்கியது. பாபுவைத் தூக்கினால் ஈரத்துணியாக என் தோளில் விழுந்தான்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு முற்றத்தில் நின்றேன். அலறினேன். மாடி அம்மாள் ஓடிவந்து எங்கள் கதவைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "மூடிய அறையில் அங்கீட்டியா? கரியின் விஷக்காற்று ஆளைக் கொன்றுவிடும் பெண்ணே!" என்று சுமதியை வாங்கி முதுகைத் தேய்த்தாள். குழந்தைகளின் முகத்தில் பனி விழுந்துகொண்டே இருந்தது. எந்தப் பனியை உள்ளே விடக் கூடாது என்று பசை காய்ச்சினேனோ, அதே பனி.

முதலில் பாபு அழுதான். என் ஆயுளில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. சுமதி வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள், கையை நீட்டினாள்.

"இதுதான் பனியாம்மா? ஏன் முன்னாடியே எழுப்பல?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கால் மரத்துப்போனது கூடத் தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிப் போனபின், ஆபீஸிலிருந்து ஓடிவந்திருந்த என் கணவர் வாயைத் திறந்தார். "நாளைக்கே டிக்கெட் எடுக்கறேன். பேசின பேச்சு பேச்சுதான்."

"கொழந்தைங்கள குளிர் ஒண்ணும் பண்ணல. பண்ணது கரி," என்றேன். "நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க எப்படிப் படுப்பீங்க?"

"அங்கீட்டிய பக்கத்துல வெச்சுக்கினு."

"அந்த இடுக்குங்கதான் உங்கள உயிரோட வெச்சிருக்கு. நாங்க போயிட்டா, நான் ஒட்டின ஜன்னல சாத்திக்கினு தனியாப் படுப்பீங்க. உங்கள யாரு எழுப்புவாங்க?"

அவர் எழுந்து போய், ஜன்னலில் மிச்சமிருந்த பேப்பரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். டிக்கெட் எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கரியடுப்பு வாசலில்தான் எரிந்தது. ஜன்னல் ஒரு கை அகலம் திறந்தே இருந்தது. ரஜாய் என்ற ஒரே பஞ்சுப் போர்வைக்குள் நான்கு பேரும் படுத்தோம். பாபு அப்பாவின் வயிற்றில் கால் வைத்துத் தூங்கினான். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். தும்மல் வந்தது. போய்விட்டது.

மறு வருஷம் அவருக்கு மாற்றல் கிடைத்துப் பெங்களூர் திரும்பினோம். மார்கழியில் ஒரு நாள் நாத்தனார் வீட்டில் குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியல். நாட்டு ஓட்டு வீடு. புகை தானாகவே ஓட்டிடுக்கு வழியே போய்விடும். தணலில் சாம்பிராணி போட்டதும் சுமதி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய், குளிர் காத்து வருதுடி. சாத்து!" என்றார் நாத்தனார்.

"வரட்டும் அத்தை," என்று சொல்லிவிட்டு, தம்பியை இழுத்து ஜன்னலோரமாக உட்காரவைத்தாள்.