எடைக்காக வற்றவைத்த உடம்பு

என் மகன் அன்சர் சென்னையில் ஜெயித்துவிட்டுத் தஞ்சாவூர் வந்த மறுநாள், அவன் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. மத்தியானத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது.

துபாயில் காவலாளி வேலை பார்த்தவன் அவன். கலப்புத் தற்காப்புக் கலையை (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் சேர்ந்த சண்டை) அங்கேதான் கற்றான். போட்டிக்காக விடுப்பில் வந்தவனை, மூன்று நாளில் ஆறு கிலோ குறைக்கச் சொன்னார் பயிற்சியாளர். அந்த ஆளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்கு வழி சொன்னவன் நான். உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இளமையில் குத்துச்சண்டை போட்டவன்.

எங்களுக்குப் போட்டியன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். நெல் அவிக்கும் ஆவியில் உட்கார்ந்து ஒரு கிலோ குறைத்துவிட்டு மாலையில் மேடையேறுவேன். தோளும் காலும் மூச்சும் தாங்கினால் போதும். அன்சரின் சண்டைக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவதால், உடம்பை அளவுமீறி வற்றவைக்கிறார்கள். பிறகு ஆளைத் தூக்கி, தரையில் அமுக்கி, கழுத்திலிருந்து தொடைவரை எல்லாத் தசையையும் பிழிகிற சுற்றுகள். இரண்டும் ஒன்றுதான் என்று இறுமாந்திருந்தேன்.

தெரிந்த ரைஸ் மில்லில், அவியல் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று நாளும் போர்வை சுற்றி அவனை உட்காரவைத்தேன்.

"சார், புள்ளைய புழுங்கலாக்கவா கொண்டாந்தீங்க?" என்று மில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அத்தா, ஒரு வாய் தண்ணி."

"எடை பார்த்துட்டுக் குடிச்சுக்க. ஆம்பளப் புள்ளதானே?"

தசைச் சிதைவு என்றார் மருத்துவர் (சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடுவது).

"யாருங்க இப்படிப் பண்ணச் சொன்னது?"

"நான்தான்."

"படிச்சவர்தானே சார் நீங்க?"



பதினொரு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்தார்கள். நான்காவது வாரம் அரை டம்ளர் சிறுநீர் வந்தது. என் மனைவி அன்றுதான் அழுதாள். என்னோடு மட்டும் பேசவில்லை.

உங்கள் பிள்ளை எடைக்காகத் தண்ணீரை நிறுத்தினால், கட்டுப்பாடு என்று மெச்சாதீர்கள். தடுங்கள்.

சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை. இனி அவன் சண்டை போட முடியாது. மாடிப்படி ஏறினாலே தொடை நடுங்குகிறது. "நானுந்தானே ஒத்துக்கிட்டேன், விடுங்கத்தா" என்கிறான். அந்தப் பெருந்தன்மைதான் என்னை எரிக்கிறது. என்னைத் திட்டியிருக்கலாம்.

விசில் ஊதி நிமிடங்களை ஆண்டவன் நான். இப்போது என் பகல், அவன் கழிவறைக்குப் போய்வருகிற இடைவெளிகளாக நகர்கிறது. கொஞ்சம் தாமதமானால் அவன் அறை வாசலில் போய் நிற்கிறேன்.

"போனேன்த்தா! எத்தன தடவ கேப்பீங்க?" என்று கத்துகிறான்.

கத்தட்டும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவைக்குக் காத்திருக்கத் தொடங்குகிறேன்.