உளவாளி நடத்திய அலுவலகம்

2004. கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவை நீட்டிக்க உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். டை கட்டிய ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். இங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் படத்தின் கீழ் உள்ளதை வாசித்துச் சொல்கிறார்: போர்க்காலத்தில் கள்ளப் பாஸ்போர்ட்டில் எல்லை தாண்டி நாஜிகளுக்கு எதிராக உளவு பார்த்தவர், இந்த அலுவலகத்தின் முதல் பெண் தலைவர். அதற்கும் கீழே, போலி ஆவணம் காட்டுவது குற்றம் என்று ஓர் அறிவிப்பு. யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

“இவங்கள நேர்ல பார்த்திருக்கீங்களாண்ணே?”

“ஓம். எண்பத்துநாலில நானும் கள்ளப் பாஸ்போர்ட்டிலதான் வந்தனான். இங்க தந்த படிவத்தில, பாஸ்போர்ட்டில இருந்த பேரைப் பிழையில்லாமல் எழுதிப்போட்டு, பழக்கதோஷத்தில முன்னால என்ர சொந்த அப்பான்ர இனிஷலைப் போட்டிட்டன். அவ உடனே பிடிச்சிட்டா.”

“திட்டினாங்களா?”

“‘எல்லை தாண்டேக்க அப்பனையும் மறக்கவேணும், நான் மறந்தனான்’ எண்டா. பிறகு பொலிசுக்குச் சொல்லிப்போட்டு, அவங்கள் வருமட்டும் தன்ர கையால கோப்பி போட்டுத் தந்தவ.”